அசனப் பந்தி

கேள்வி: ஜெபமும் வேதவாசிப்பும் இருக்க, நெல்லைச் சீமைச் சபைகளில் ஊர் கூடிச் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடும் அசனம் எதற்கு?
– ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது இயேசுவின்மேல் எதிரிகள் வைத்த குற்றச்சாட்டு. சீடர்கள்மேலும் அது வர வேண்டாமா?

நம் நெல்லைச் சீமையிலேயே, ஞானஸ்நானம் பெற்றதற்காக வீடிழந்து நின்றவர்களுக்காக 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கினார். அங்கே விசுவாசம் என்றால் விரட்டப்பட்டவருக்குக் குடிசை போட இடம், குடிக்கக் கஞ்சி.

அதே மனசுதான் அசனத்திலும். ஒருவர் ஆடு தருகிறார், ஒருவர் அரிசி தருகிறார், கையில் காசில்லாதவர் விடிய விடிய வெங்காயம் உரிக்கிறார். யார் எதைக் கொடுத்தார் என்று இலைக்குத் தெரியாது. மற்ற மதத்து அண்டை வீட்டாரும் வருகிறார்கள்; வர வேண்டும். ஆனால், பக்கத்து இலையில் இன்ன சாதிக்காரர் உட்கார்ந்தார் என்று ஒருவர் எழுந்துபோனால், அந்தச் சபையில் நடந்தது அசனமல்ல, வெறும் சமையல். அடுத்த அசனத்துக்கு, உங்கள் ஊரில் இதுவரை யாரும் அழைக்காத வீட்டுக்கு நீங்களே போய் அழையுங்கள்.