வரி முடிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்

இயங்குதளங்களை ஆக்கி அரசாளும் மகா கனம் பொருந்திய அதிகாரிகள் சமூகத்துக்கு, விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஓட்டிப் பிழைக்கும் சாமானியப் பிரஜை ஒருவன் தெண்டனிட்டு எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றுதான் சுகவீனமாகக் கிடக்கிறது.

ஒரு வரி முடிந்தது என்று தெரிவிக்க ஒரே வழி இருப்பது தங்கள் அந்தஸ்துக்குப் போதாதென்று கருதியல்லவோ, யூனிக்ஸ் வம்சத்தாருக்கு எல்.எஃப். என்னும் 10ஆம் எண் குறியையும், டாஸ், விண்டோஸ் வம்சத்தாருக்கு அதனோடு சி.ஆர். என்னும் 13ஆம் எண் குறியையும் சேர்த்து ஜோடியாகவும், பழைய மாக்கிண்டாஷுக்குச் சி.ஆரைத் தனியாகவும் மானியம் எழுதி வைத்தீர்கள்? இதன் பூர்வ சரித்திரத்தை அடியேனும் அறிவேன். 1960-களின் டெலிடைப் யந்திரத்தில் அச்சுத்தலை இடக்கோடிக்கு ஓடிவர சி.ஆர். என்று ஒரு கட்டளையும், காகிதம் ஒரு வரி மேலேற எல்.எஃப். என்று மற்றொரு கட்டளையும் வேண்டியிருந்தன. வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும் அந்த யந்திரம், தலை திரும்பி வந்து சேருவதற்கு வேண்டிய அவகாசத்தையும் இதனால் பெற்றது. யந்திரம் காலகதி அடைந்தது. அதற்குச் செய்த மரியாதையோ சி.பி.எம்.மிலிருந்து டாஸுக்கும், டாஸிலிருந்து விண்டோஸுக்கும் பிதுரார்ஜிதமாக வந்து சேர, இல்லாத அச்சுத்தலையை இன்றும் வரிதோறும் 'திரும்பி வா' என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

சம்பிரதாயத்தைக் கண்டிப்பது என் நோக்கமன்று. தீர்ப்பு வழங்கும் முறையைப் பற்றியதே என் குறை. ஸ்கிரிப்டின் முதல் வரியில், அதை ஓட்டவேண்டிய பாஷ் இருக்கும் பாதையைப் பிழையறக் குறித்திருந்தாலும், வரிக்கடைசியில் கண்ணுக்குப் புலப்படாமல் ஒட்டியிருக்கும் சி.ஆரையும் பெயரின் அங்கமாகவே பாவித்து, அப்பெயருள்ள கோப்பே கிடையாதென்று லினக்ஸ் கெர்னல் சாதிக்கிறது. பாஷோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தக் குறி சில சமயங்களில் பிழைச் செய்திக்குள்ளும் அப்படியே புகுந்து, தன் குலத்தொழிலை மறவாமல் கர்சரை வரியின் தொடக்கத்துக்கு இழுத்துப்போய்விட, பின்வரும் சொற்கள் முன்னிருந்த பெயரின்மேல் விழுந்து அதை மறைத்துவிடுகின்றன. தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையைத் தானே அழிக்கும் பாத்தியதை உள்ள குற்றவாளியைத் தங்கள் ராஜ்யத்தில்தான் கண்டேன்.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. டாஸ்-டு-யூனிக்ஸ் என்னும் நிரல் சி.ஆரைக் களைந்து தருகிறது. கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் 'கிட்'டுக்கு உரிய முறையில் எழுதிவைத்தால் எல்.எஃப்.பை எல்.எஃப்.பாகவே காக்கிறது, எழுதிவைக்காவிட்டால், விண்டோஸில் கோப்பை எடுத்துத் தரும்போது அதுவே சி.ஆரைப் பரிவுடன் சேர்த்துத் தருவதும் உண்டு. எல்.எஃப். மட்டுமுள்ள கோப்பை வரி பிரித்துக் காட்ட நோட்பேடுக்கே 2018 வரை காலம் தேவைப்பட்டதை எண்ணும்போது, மூன்று வம்சங்களையும் ஒன்றாக்கும்படி கேட்கும் அளவுக்கு நான் பேராசைக்காரன் அல்லன். 'கோப்பு இல்லை' என்று சொல்லும் வாயால், 'வரிக்கடைசியில் சி.ஆர். இருக்கிறது' என்று ஒரு வார்த்தை உண்மை சொல்லும்படி உத்தரவாக வேண்டும், அவ்வளவே.

வாக்கியங்கள் நீண்டுவிட்டதற்குக் க்ஷமிக்கவும். வரியை எந்தக் குறியால் முடித்தால் தங்கள் சமூகத்தில் செல்லுபடியாகும் என்பது நிச்சயமில்லாதபோது, முடிக்காமல் எழுதிக்கொண்டே போவதுதானே விவேகம்?

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த பிரஜை