பத்து நாளில் ஏழு நாடு வேண்டாம் மாமா

மியூனிக்,
மார்கழிக் குளிரில்.

அன்புள்ள மாமாவுக்கு,

திருச்சிக் குளிர் தாங்காமல் அத்தை காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு திரிவதாக அம்மா போனில் சொன்னாள். இன்று இங்கே மைனஸ் எட்டு என்பது அத்தை காதுக்குப் போக வேண்டாம். மே மாதப் பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள்.

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய டூர் நோட்டீஸைப் படித்தேன். பத்து நாள், ஏழு நாடு, மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு. பாரிஸில் இட்லி, பிரஸ்ஸல்ஸில் சாம்பார் சாதம், ஆம்ஸ்டர்டாமில் சப்பாத்தி குருமா. ஒரே நாளில் மூன்று தேசத்தில் கை கழுவிவிடலாம். ஈஃபில் கோபுரத்துக்கு நேரே ‘ஃபோட்டோ ஸ்டாப்’ என்று போட்டிருக்கிறான், கவனித்தீர்களா? பஸ் நிற்கும், இறங்கி, பல்லைக் காட்டி, ஏறிவிட வேண்டும். திருவெறும்பூரில் பாசஞ்சர் வண்டி இதைவிட அதிக நேரம் நிற்கும்.

நான் போட்டிருக்கும் திட்டம் வேறு. மூன்று வாரம், நாலே ஊர்: மியூனிக், வெனிஸ், வியன்னா, பிராக். பிராக்கிலிருந்து மறுபடி மியூனிக். ‘இவ்வளவு செலவு செய்து வந்து நாலு ஊர்தானா?’ என்று அத்தை கேட்பார்கள். கணக்கைச் சொல்லுங்கள். ஹோட்டலில் காலை பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வான். அடுத்த ஊர் ஹோட்டலில் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் சாவி கொடுப்பான். நடுவில் ராக்கெட்டில் போனாலும் அந்த நாள் அவ்வளவுதான். ஏழு ஊர் என்றால் ஆறு நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். பார்த்த ஊர் எது, பெட்டி பிரித்த ஊர் எது என்று பின்னால் ஆல்பத்தை வைத்துக்கொண்டு சண்டை வேறு வரும்.

எப்படியும் ஊர் மாறும் நாள் போகத்தான் போகிறது. அந்த நாளையே ரசிக்கிற மாதிரி வண்டியைப் பிடிப்போம் என்பதுதான் என் கட்சி.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். இருபது யூரோவுக்கு விமானம் பறக்கிறதாமே என்றீர்கள். பறக்கிறது. எங்கே இறங்கும் என்பதில்தான் சூட்சுமம். ‘பாரிஸ்’ என்று விற்கிற போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் மேலே. ‘மியூனிக் மேற்கு’ என்று ஒன்று உண்டு. அது மெமிங்கன், இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இருபது யூரோ டிக்கெட்டுக்கு பஸ் கட்டணம், பெட்டிக்குத் தனிக் காசு, இரண்டு மணி நேரம் முன்னால் போய்க் காத்துக் கிடப்பது. அத்தையின் பெட்டியை எடை பார்த்தால், பெட்டிக்கு டிக்கெட் எடுத்து அத்தையைக் கைப்பையாகக் கொண்டுபோவதே லாபம்.

நான் கார் ஓட்டி வந்தால் என்ன என்றும் கேட்டீர்கள். வெனிஸில் பியாத்சாலே ரோமாவோடு ரோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் வாய்க்கால்தான். மற்ற இத்தாலிய ஊர்களிலும் பழைய வீதிகளுக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாது. தடுக்கப் போலீஸ்காரர் நிற்க மாட்டார், கேமராதான் இருக்கும். ஊர் திரும்பி, எல்லாவற்றையும் மறந்து நிம்மதியாக இருக்கும்போது அபராதக் கடிதம் தபாலில் வரும். போதாததற்கு, ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், போகிற ஊரிலெல்லாம் பார்க்கிங் தேட வேண்டும்.

‘ராத்திரி வண்டியில் போனால் ஹோட்டல் வாடகை மிச்சம்’ என்ற உங்கள் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மலிவான பெட்டியில் ஓர் அறைக்கு ஆறு பேர். அத்தையின் முழங்கால் மேல் பெர்த்துக்குச் சம்மதிக்காது. அது போகட்டும், வழியில் வரும் மலையை இருட்டில் தவறவிட்டால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரரான நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

அந்த மலை எது என்று சொல்கிறேன். வெனிஸிலிருந்து வியன்னாவுக்குப் பகலில் நேர் ரயில் உண்டு, ஏறக்குறைய ஏழு மணி நேரம். கடைசிப் பகுதியில் செம்மரிங் மலைப்பாதை: 41 கிலோமீட்டர், 1848இல் தொடங்கி 1854இல் முடித்தது. போட்டவர் கார்ல் ஃபான் கேகா. வெனிஸில் பிறந்து வியன்னாவில் கண்ணை மூடியவர். நாம் போகிற வழியேதான் அவர் வாழ்க்கையும் போயிருக்கிறது. பாதை வேலை நடக்கும்போது அந்த ஏற்றத்தில் ஏறக்கூடிய எஞ்சினே உலகத்தில் கிடையாது. அதனால் 1851இல் போட்டி வைத்தார்கள். நாலு எஞ்சின்கள் கலந்துகொண்டன. எங்கள் மியூனிக்கில் மாஃபை பட்டறை செய்த ‘பவாரியா’ ஜெயித்தது. பரிசு வாங்கியதோடு சரி. சக்கரங்களை இணைத்த சங்கிலி தினசரி ஓட்டத்துக்குத் தாங்கவில்லை. ‘நாங்கள் பார்த்திருந்தால் சரி பண்ணிக் கொடுத்திருப்போம்’ என்று நீங்கள் சொல்வது இங்கேயே கேட்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் முதலில் ஏறிய ரயில் பாதை இதுதான், 1998இல். நம் ஊட்டி ரயில் 2005இல் ஏறியது. அதற்கு எஞ்சின் செய்து கொடுத்த பொன்மலையிலிருந்து வருகிறவர் பகல் வெளிச்சத்தில் போவதுதான் மரியாதை.

முதல் கட்டமான மியூனிக்–வெனிஸும் பகல் ரயில்தான். ஆறரை, ஏழு மணி நேரம். இன்ஸ்ப்ரூக்கைத் தாண்டி பிரென்னர் கணவாய் ஏறும். 1867இல் திறந்த பாதை, உச்சி சுமார் 1,370 மீட்டர். அங்கே ஆஸ்திரிய மின்சாரம் முடிந்து இத்தாலிய மின்சாரம் ஆரம்பிக்கும். ஆஸ்திரியப் பக்கம் ஏசி 15,000 வோல்ட், இத்தாலியப் பக்கம் டிசி 3,000 வோல்ட். எல்லையில் பாஸ்போர்ட் கேட்காத ஊரில் மின்சாரத்துக்கு மட்டும் இன்னும் எல்லை இருக்கிறது! இறங்கும்போது ஆப்பிள் தோட்டங்களும் கோட்டைகளும் ஜன்னலோரமாக வரும்.

இதிலே ஓர் அவசரமும் உண்டு. பிரென்னருக்கு அடியில் 55 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். செம்மரிங்குக்கு அடியிலும் ஒன்று, 27 கிலோமீட்டர். இரண்டும் திறந்தால் நேரம் மிச்சமாகும். விரைவு ரயிலில் போகிறவன் ஜன்னலில் தன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். மெதுவாகப் போக ஆசைப்படுகிறவர்கள் சீக்கிரம் வர வேண்டும் மாமா.

வெனிஸில் ஸ்டேஷன் வாசலில் இறங்கினால் எதிரே பெரிய வாய்க்கால். டவுன் பஸ் மாதிரி படகு ஓடும். பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. சக்கரம் வைத்த பெட்டிக்கு அங்கே மரியாதை இல்லை. அதனால் ஸ்டேஷன் பக்கத்திலேயே, பாலம் தாண்டாத ஹோட்டலாகப் பார்த்திருக்கிறேன். 2024 முதல், கூட்டம் நெரியும் சில நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் காசு வாங்குகிறார்கள். ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. சாயங்காலம் அந்தக் கூட்டம் போன பிறகுதான் ஊர் ஊராக இருக்கும்.

வியன்னாவில் ஒரு வாரம். குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலையிலிருந்து 1873 முதல் வந்துகொண்டிருக்கிறது. அத்தை காய்ச்ச வேண்டாம். காபிக் கடையில் ஒரு காபி சொன்னால் கூடவே ஒரு கிளாஸ் தண்ணீரும் வைப்பான். பேப்பரை விரித்துவிட்டால் மணிக்கணக்கில் யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரு நாள் படகில் டான்யூப் வழியாக பிராட்டிஸ்லாவா போகலாம். ஆற்றோடு போனால் ஒன்றேகால் மணி நேரம், எதிர்த்து வந்தால் ஒன்றரை. போகப் படகு, திரும்ப ரயில்.

வியன்னாவிலிருந்து பிராக் நாலு மணி நேர ரயில். செக் ரயில்களின் சாப்பாட்டுப் பெட்டிக்கு நல்ல பேர் உண்டு. வறுத்த சீஸும் உருளைக்கிழங்கும் கிடைக்கும், அத்தைக்குக் கவலையில்லை. குழாயிலிருந்து பிடித்துக் கொடுக்கும் பீரும் கிடைக்கும். இந்தக் கடிதத்தை அத்தை படிக்கும்போது அந்த வரியை நீங்கள் கையால் மறைத்துக்கொள்ளவும்.

கடைசிக் கட்டம் பிராக்–மியூனிக். அங்கே ரயிலைச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். பஸ்! அந்த ரயில் பாதையில் எல்லைக்கு இரு பக்கமும் இன்னும் மின்கம்பி இல்லை. டீசல் எஞ்சின் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆக்குகிறது. பஸ் சுமார் ஐந்தில் வந்துவிடும். ரயில்வேக்காரரை பஸ்ஸில் ஏற்றுகிறேனே என்று வருத்தப்பட வேண்டாம், கடமை வேறு, கடிகாரம் வேறு.

கடிகாரம் என்றதும் ஞாபகம். ஜெர்மன்காரன் ரயிலைப் பார்த்துத்தான் வாட்சைத் திருப்புவான் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை இங்கே வந்து சொல்லிவிடாதீர்கள். 2024இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை நூற்றுக்கு 62 சொச்சம். ஆறு நிமிஷத்துக்குள் வந்தால் அது தாமதமே இல்லை என்று விதி. வராமலே போன ரயில் கணக்கிலேயே சேராது! பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று பலகை தொங்கும். நம் பெட்டி ஏ-யில் என்று போட்டிருக்கும்; எல்லோரும் சமர்த்தாக ஏ-யில் நிற்போம். வண்டி கண்ணில் படும்போது, பெட்டிகள் இன்று தலைகீழ் வரிசையில் என்று அறிவிப்பு வரும். உடனே கோட்டு போட்ட கனவான், நாய்க்குட்டி, தள்ளுவண்டிக் குழந்தை எல்லாம் எஃப்-ஐ நோக்கி ஒரே ஓட்டம். எழும்பூர் அனுபவம் உள்ளவர் நீங்கள். உங்கள் பின்னால்தான் நாங்கள் ஓடி வருவோம்.

ரயில் பாஸ் வேண்டாம். மூன்றே பெரிய ரயில் பயணம்; முன்கூட்டித் தனித்தனியாக எடுத்தால் மலிவு. அறுபது தாண்டியவர்களுக்கு யூரெயில் பாஸில் பத்து சதவீதம் தள்ளுபடி இருந்தும் கட்டுப்படியாகாது.

ஏழு நாடு என்று தெருவில் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களாம், அம்மா சொன்னாள். நம் வழியில் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்லோவாக்கியா, செக் என்று ஐந்து தேறும். விமானம் மாறும் துபாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாவதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன்.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்தே கொடுக்கலாம். நாம் அதிக நாள் தங்குவது இங்கே என்பதால் ஜெர்மனிக்குத்தான் போட வேண்டும். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். ஜெர்மன் எல்லையில் இப்போது போலீஸ் சோதனை இருக்கிறது, பஸ்ஸை நிறுத்துவார்கள். பாஸ்போர்ட்டை அத்தை பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: பாலில் செய்த பண்டங்களை வெளியிலிருந்து இங்கே கொண்டுவரத் தடை, பால்கோவாவைச் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். மணப்பாறை முறுக்குக்குத் தடை ஏதுமில்லை. எவ்வளவு கொண்டுவரலாம் என்று கேட்காதீர்கள், நிறையக் கொண்டுவாருங்கள்.