பைப்பு ஆலோசகர்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற சாலையில் எந்த டயர் கடை வாசலில் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்துங்கள். கம்ப்ரசர் இருக்கிறதோ இல்லையோ, பெஞ்சில் ஓர் ஆலோசகர் இருப்பார். ஒரு காலத்தில் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். இப்போது அடுத்தவர் வண்டியில் நட்டு மக்கர் செய்தால்தான் அவருக்குப் பொழுதே விடிகிறது.

ஒரு லாரியின் பின்சக்கரத்தில் பத்து நட்டு. ஒன்பது கழன்றாயிற்று, பத்தாவது அசையவில்லை. ஆலோசகர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுகிறார்.

"தம்பி, பைப்பு போட்டயா?"

உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் தீர்வு, ஸ்பேனர் பிடியில் செருகி நீட்டுகிற பைப்புதான். அதில் நியாயமில்லாமலும் இல்லை. 75 கிலோ ஆள் ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் ஏறி நின்றால் சுமார் 735 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். கனரக வண்டி நட்டை இறுக்கச் சொல்கிற அளவே பெரும்பாலும் 600ஐ ஒட்டித்தான். ஆனால் போன தடவை கழற்றி மாட்டியவர் அளவு பார்க்காமல் ஏர் கன்னை வைத்து அழுத்தியிருப்பார். மிச்ச வேலையை மழையும் துருவும் பார்த்திருக்கும். "இன்னும் நீள பைப்பு இல்லீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்கிறார் ஆலோசகர்.

கிளீனர் பைப்பின் மேல் ஏறிக் குதிக்கிறான். நட்டு நகரவில்லை. ஆலோசகர் அடுத்த அஸ்திரத்தை எடுக்கிறார்.

"இடது பக்கச் சக்கரம், இடது மரையாக்கும். மாத்தித் திருப்பு."

பழைய கனரக வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று இடது சக்கரங்களுக்கு எதிர்மரை வெட்டியிருப்பார்கள். இந்த லாரி அந்த ரகமில்லை. ஒன்பது நட்டுகள் எந்தப் பக்கம் திரும்பிக் கழன்றன என்று அவரும் பார்க்கவில்லை, கிளீனரும் யோசிக்கவில்லை. பையன் வியர்க்க விறுவிறுக்க நட்டை இன்னும் இறுக்கிக் கொடுத்தான்.

"கேஸ் வச்சுச் சுட்ரலாமா?" என்று டிரைவர் கேட்டதும், அதுவரை பேசாமலிருந்த கடைக்காரர் சத்தம் போட்டார். டயரோடு சக்கரத்தைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் சிதைந்து வாயு சேரும். டயர் வெடித்து ஆட்கள் செத்ததுண்டு. ஆலோசகர் உடனே, "அதத்தான் நானும் சொல்ல வந்தனுங்க" என்றார்.

கடைக்காரர் உள்ளே போய், கையால் சுற்றும் பல்சக்கர மிஷினை எடுத்து வந்தார். 1:58 ரகம்: கைப்பிடியை 58 சுற்று சுற்றினால் நட்டு ஒரு சுற்று திரும்பும். டீக்கடைப் பையன்கூடச் சுற்றலாம். 'டக்' என்று ஒரு சத்தம், நட்டு இளகிவிட்டது.

"பைப்பு போட்டு நாந்தான் இளக்கி வச்சிருந்தன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் ஆலோசகர்.

ஸ்டெப்னியை மாட்டி வண்டி கிளம்பும்போதுதான் அவருக்கு உருப்படியான யோசனை ஒன்று வந்தது. "அம்பது நூறு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நட்டெல்லாம் இன்னொருக்கா இறுக்கிப் பாத்துக்கோணும்!" என்று லாரிக்குப் பின்னாலேயே ஓடிக் கத்தினார். டிரைவர் ஏர் ஹாரனை அடித்துக்கொண்டு மூன்றாவது கியருக்குப் போய்விட்டார்.