பனி புடிக்கப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, வா. மூணு பசங்க, ஒரு காரு, கூரை மேல கேமரா, போன்ல நாலு மழை ஆப்பு. கல்வராயன் மலையில பனி கொட்டுதாம், உள்ள வண்டிய வுட்டுப் படம் புடிக்கப் போறீங்களாம். தாராளமா போங்க. டீ ஆறுற வரைக்கும் இந்தக் கிழவன் பேச்சக் கேளுங்க.

8,650 அடி ஒசரத்துல நிக்குற தொட்டபெட்டாவுக்கே புல்லு மேல உப்புத் தூவுன மாதிரி உறைபனிதான். நம்ம மலை மூவாயிரம் அடி. மேல இருக்குற ஊருக்கு வெள்ளிமலைன்னு பேரு வெச்சதால வெள்ளையா கொட்டும்னு நெனச்சீங்களா? அங்க மூடுறது மேகமுடா. கச்சிராயபாளையம் தாண்டி ஏறும்போது பெரிய லைட்டப் போடுங்க. வெளிச்சம் பூரா திரும்பி உங்க கண்ணுலயே அடிக்கும். வளைவு தெரியாது, வீடியோ மட்டும் பளிச்சுன்னு வரும். எறங்கும்போது நியூட்ரல் போட்டு எண்ணெய மிச்சம் புடிங்க. பிரேக்கு தீயற வாசனை வந்தா மலைத்தேன் வாசனைன்னு நெனச்சுக்குங்க. ரெண்டாவது கியருல எறங்குறதெல்லாம் எங்கள மாதிரி பயந்தாங்கொள்ளிங்க பண்றது.

பனி கெடைக்கலன்னா புயலத் தொரத்துவீங்களோ? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலு புதுச்சேரிகிட்ட கரையேறுச்சு. ஏறுனது ஓடுச்சா? நொகத்தடியில படுத்துக்குன எருது மாதிரி மணிக்கணக்கா அங்கியே குந்திக்கிச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர். அப்புறம் மெதுவா மேக்கால நவுந்து, கடலே பாக்காத ஊத்தங்கரையில 50 கொட்டுச்சு. ஒரு ஏக்கர் நெலத்துல அது 20 லட்சம் லிட்டரு. பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி 160-க்கு மேல ஆவுது, கணக்குப் போட்டுப் பாரு. தென்பெண்ணை ஆறு பொரண்டு அரசூர்கிட்ட திருச்சி ரோட்டையே முழுங்குச்சு. புயலு நின்னு நிதானமா பெய்யுது, நீங்க எதுக்குடா ஓடுறீங்க?

மீறிப் போனா தரைப்பாலத்துல தண்ணி ஓடும். எறங்கிப் பாக்காதீங்க, கவுரவம் போயிடும். ஓடுற தண்ணி ரெண்டடி இருந்தாப் போதும், காரையே மெதக்க வெச்சு இழுத்துக்கும். பெட்ரோல் செலவு இல்லாம ஊர் திரும்பலாம். எந்த ஊருன்னுதான் சொல்ல முடியாது.

இல்ல, நெசமாவே மழை மேல ஆசைன்னா, வாயும் அடியும் ஒரே அகலமா இருக்குற டப்பா ஒன்ன மரநெழலு படாத எடத்துல வை. காலையில எட்டரைக்கு ஸ்கேல வுட்டு அளந்து நோட்டுல எழுது. தெனமும் எழுதணும், மழை பெய்யாத அன்னிக்குப் பூஜ்யம்னு எழுதணும். அதுக்குத்தான் உங்களுக்குப் பொறுமை இல்ல.

சரி, சாவிய இப்பிடிக் குடு. ஆயா கேழ்வரகு அடை தட்டுறா. மழை வந்தா நானே எழுப்புறன்.