சொல்லிவிட்டு வரும் விருந்தாளி

கேள்வி: கிறிஸ்துமஸ் நெருங்கினாலே வீட்டில் பரபரப்பும் களைப்பும் வந்துவிடுகின்றனவே, தவிர்க்க வழி உண்டா?

பதில்: மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை ஆண்டுதோறும் இடம் மாறும் ஈஸ்டரைப் போலன்றி, கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகராத திருநாள் என்பதால், நாள் சொல்லிவிட்டு வரும் இந்த விருந்தாளியின் முன் திகைத்து நிற்கத் தேவையில்லை. விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய ஆயத்தக் காலமாகிய திருவருகைக் காலம், நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று தொடங்குவதால், திட்டமிடுவதற்கான அவகாசம் வழிபாட்டு நாட்காட்டியிலேயே அமைந்திருக்கிறது.

முதல் வாரத்தில் துணியைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் வெள்ளையடிப்பையும் ஒட்டடை அடிப்பதையும் முடித்து, மூன்றாம் வாரத்தில் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலை வைக்கோல் பரப்பிக் கட்டலாம். முறுக்கையும், மைதா உருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டிப் பொரிக்கும் கல்கல்லையும் நான்காம் வாரத்துக்கு வைத்துக்கொண்டு, உருட்டும் வேலையைக் குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும் பகிர்ந்தளிப்பது முறை. தொழுவத்தில் எளிமையாகப் பிறந்தவரின் விழா ஒருவரின் முதுகை ஒடிக்கக்கூடாது. ஆகவே 24-ஆம் தேதி மாலையிலேனும் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படுங்கள்.