ஹாட் சீட்டுக்கு எதிரே ஒரு சோபா

குறுந்தொகையில் சில பாட்டுகளுக்குப் புலவர் பெயர் தெரியாமல் போனபோது, தொகுத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. பாட்டில் பளிச்சென்று தெரிந்த ஒரு தொடரை எடுத்து, வாலில் ஓர் 'ஆர்' ஒட்டிப் பெயராக்கிவிட்டார்கள். செம்புலப்பெயனீராரும் அணிலாடு முன்றிலாரும் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். அதே சலுகையில், டிவியில் வினாடி வினா தொடங்கியதும் தெருவுக்குத் தெரு குரல் கொடுக்கும் ஒருவருக்கும் பெயர் சூட்டிவிடலாம். வாழ்நாளில் அவர் இயற்றியது ஒரே ஒரு வரி: "இதுகூடத் தெரியாதா?" ஆகவே அவர் இதுகூடனார்.

இதுகூடனாருக்கு வயது நாற்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள் எதுவாகவும் இருக்கலாம். தோளில் துண்டு, கையில் ரிமோட், சோபாவின் நடுவே அவர் உடல்வாகுக்கென்றே விழுந்த ஒரு பள்ளம். 2000-ல் அமிதாப் பச்சன் 'கௌன் பனேகா கரோர்பதி'யைத் தொடங்கியபோது, இந்தி தெரியாமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். 2012-ல் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று அழைத்தபோது, அந்த 'நீங்களும்' தன்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டவர். பிறகு பிரகாஷ்ராஜ் வந்தார், அரவிந்த்சாமி வந்தார், 'கோடீஸ்வரி'யோடு ராதிகா வந்தார். இவர் பள்ளத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. போட்டியாளர் எம்.எஸ்சி. படித்தவர் என்று திரையில் எழுத்து ஓடினால் நிமிர்ந்து உட்காருவார். படித்தவன் தடுமாறுவதைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. தடுமாறியவர் பி.எச்டி. என்றால் அன்றைக்கு ராத்திரி ஒரு தோசை கூடுதலாக இறங்கும்.

அவர் விளையாடும் முறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கேள்வி விழும்போது வாய் திறப்பதில்லை. நான்கு விடைகளும் வரிசை கட்டி நின்ற பிறகு, "ம்... தெரியும்" என்பார், எது என்று சொல்ல மாட்டார். ஆள்காட்டி விரல் மட்டும் 'பி'க்கும் 'டி'க்கும் நடுவே, இரண்டுக்கும் பொதுவாக, காற்றில் நிற்கும். சரியான விடையில் பச்சை ஒளிர்ந்ததும், "நான் அப்பவே சொன்னேனே!" இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மனிதர் மனதார நம்புகிறார். 1975-ல் பாருக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் மூண்ட சண்டையைப் பற்றி ஒரு குறிப்பைப் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவிடம் ஆங்கிலேயர் ஜெயித்ததாகச் சொன்னார், இன்னொரு குழுவிடம் கூர்க்காக்கள் ஜெயித்ததாகச் சொன்னார். முடிவு தெரியாதிருந்தால் எதை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று கேட்டபோது, ஒவ்வொரு குழுவும் தன் காதில் விழுந்த முடிவின் பக்கமே சாய்ந்தது. விடை தெரிந்ததும், தெரியாமல் இருந்த நேரம் மனதிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டுவிடுகிறது. சோபாவில் உட்கார்ந்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஹாட் சீட்டில் இருப்பவரிடம் அந்த நேரத்திலேயே 'லாக் பண்ணிடலாமா?' என்று கேட்டு ஊரறிய முத்திரை குத்திவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

பரிசுத்தொகையோடு தமிழில் நடந்த முதல் வினாடி வினா பாண்டியன் சபையில் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே கேள்வி, கூந்தல் மணம் இயற்கையா செயற்கையா என்பது. பரிசு ஆயிரம் பொன். ஏழைத் தருமி லைஃப்லைனைப் பயன்படுத்தினார், பதில் மிக உயர்ந்த இடத்திலிருந்து வந்தது, அப்படியும் நக்கீரர் மடக்கினார். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷின் தருமி, கேள்வி பதில் என்று பேச்சு வந்ததுமே கேட்கும் பக்கத்தைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறார். தியேட்டர் சிரித்தது. தருமியின் புத்திசாலித்தனம் பன்னிரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் ஆய்வாகவே வெளிவந்தது. 1977-ல் லீ ராஸ், தெரேசா அமாபிலே, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். யார் கேட்பவர், யார் பதில் சொல்பவர் என்பது தற்செயலாகத்தான் முடிவானது, அதை எல்லோர் கண்முன்னும்தான் முடிவு செய்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்த விஷயங்களிலிருந்தே கடினமான பத்துக் கேள்விகள் தயாரிக்க வேண்டும். தன் வீட்டு அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று வந்த விருந்தாளியைக் கேட்பது போன்ற ஆட்டம் இது. விருந்தாளி திணறினார். கடைசியில், யாருக்குப் பொது அறிவு அதிகம் என்று கேட்டபோது, வேடிக்கை பார்த்தவர்கள் மட்டுமல்ல, திணறியவர்களே கேட்டவரைத்தான் கை காட்டினார்கள். அடிப்படைப் பொது அறிவு என்று நாம் மதிப்புக் கொடுக்கும் பண்டத்தில் பாதி, கேள்வித்தாளைப் பிடித்திருக்கும் கையிலிருந்து வரும் ஒளி. இதுகூடனார் அந்தக் கைக்குப் பக்கத்தில் சோபாவைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

திணறியவரின் தவறுகளையும் அவர் சரியாகப் படிப்பதில்லை. பிரிட்டனில் பிரபலங்கள் கலந்துகொள்ளும் 'மாஸ்டர்மைண்ட்' நிகழ்ச்சியில் டேவிட் லாமி என்ற அரசியல்வாதி உட்கார்ந்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தவர், 2024-ல் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சரே ஆனவர். கதிரியக்க ஆய்வுக்காக 1903-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மேரி, பியேர் தம்பதியின் குடும்பப்பெயர் என்ன என்று கேட்டார்கள். "ஆன்ட்வானெட்" என்றார். எட்டாம் ஹென்றிக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் யார் என்றதற்கு "ஏழாம் ஹென்றி" என்றார். இந்த இரண்டாவதுக்கு வக்காலத்து வாங்க யாராலும் முடியாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் எட்டுக்குப் பின் ஏழு சொல்லாது. ஆனால் முதல் தவறைப் பாருங்கள். மேரி என்றதும் கியூரி வரவேண்டிய வாசலில், பிரெஞ்சுப் புரட்சியில் தலை போன ராணி வந்து நிற்கிறாள். அந்த ராணியின் பெயரையே கேள்விப்படாதவன் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. இந்த ரகத் தவறுகள் சரியான விடைக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கின்றன. 2011-ல் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியில் மனிதர்களைத் தோற்கடிக்க ஐபிஎம் கொண்டுவந்த வாட்சன் என்ற கணினிக்கு மேடை நடுக்கம் கிடையாது, நினைவுக்குப் பஞ்சம் கிடையாது. ஆட்டத்தை அது ஜெயித்தும்விட்டது. ஆனாலும் நடுவில் அமெரிக்க நகரம் ஒன்றைக் கேட்டபோது, சிகாகோ என்பதற்குப் பதில் டொராண்டோ என்றது. டொராண்டோ கனடாவில் இருக்கிறது. அது தோற்கடித்தவர்களில் ஒருவர் கென் ஜென்னிங்ஸ். 2004-ல் அதே மேடையில் தொடர்ந்து 74 ஆட்டங்கள் ஜெயித்தவர். 75-வது ஆட்டத்தில் அவரைக் கவிழ்த்தது வருமான வரி கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பெயர். காசு கொடுத்து அடுத்தவரிடம் கணக்கு எழுதி வாங்கும் சாதாரண அமெரிக்கர் பலருக்கும் அது வாசல்படிச் சமாச்சாரம்.

2018-ல் துருக்கியில், இதே கோடீஸ்வர நிகழ்ச்சியின் அந்நாட்டு வடிவத்தில், சீனப் பெருஞ்சுவர் எந்த நாட்டில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பொருளாதாரப் பட்டதாரி இரண்டு லைஃப்லைன்களைச் செலவழித்தார். சபையைக் கேட்டார், 51 சதவீதம் பேர் சீனா என்றார்கள். பிறகு நண்பரை போனில் கூப்பிட்டும் கேட்டார். உலகமே சிரித்தது. "பேர்லயே சீனா இருக்கேம்மா!" என்று இதுகூடனார் எழுந்தே நின்றுவிடுவார். பெயரில் இருப்பதெல்லாம் ஊரில் இருக்குமானால், நாம் கூட்டு வைக்கும் பெங்களூர் கத்தரிக்காய் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்திருக்கக் கூடாது. நூறாண்டுப் போர் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும் போர் 1337-ல் தொடங்கி 1453-ல் முடிந்தது, அதாவது 116 ஆண்டுகள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை இன்றைய நாட்காட்டியில் நவம்பரில்தான் தேட வேண்டும். இப்படிக் குழி வெட்டிவைத்துக் காத்திருப்பதே வினாடி வினாக்காரர்களின் பிழைப்பு. அந்தப் பெண் விடை தெரியும் என்றும், உறுதிப்படுத்திக்கொள்ளவே கேட்டதாகவும் சொன்னார். பதில் சரிதான். அடுத்த கேள்வியிலேயே வெளியேறியது வேறு கதை. தெருவில் தோண்டிப் போட்டிருக்கும் பள்ளங்களைப் பார்த்துப் பழகியவர் நல்ல சாலையிலும் மெதுவாகத்தான் போவார்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய ரகளை 2019-ல் நடந்தது. அனுமன் யாருக்காகச் சஞ்சீவி மூலிகை கொண்டுவந்தார் என்று அமிதாப் கேட்க, நடிகை சோனாக்ஷி சின்ஹா லைஃப்லைனை எடுத்தார். அவர் அப்பா சத்ருகன் சின்ஹா, பெரியப்பாக்களின் பெயர் ராம், லக்ஷ்மண், பரத், அண்ணன்மார் லவ், குஷ், வீட்டின் பெயரே ராமாயணா. இவ்வளவையும் ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள். இதுகூடனார் அன்றைக்குச் சந்நதம் வந்ததுபோல் ஆடியிருப்பார். ஆனால் வால்மீகியைத் திறந்தால் அனுமன் இரண்டு தடவை மலையைத் தூக்குகிறான். முதல் தடவை, இந்திரஜித்தின் அஸ்திரத்தில் விழுந்து கிடப்பது இலக்குவன் மட்டுமல்ல. இராமனும் கிடக்கிறான், வானரப் படையும் கிடக்கிறது. அன்று கொடுத்த நான்கு விடைகளில் இராமனும் உண்டு. நிறையப் படித்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நிறையத் திணறியிருப்பார்! பெயர்ப்பலகையைப் பொறுத்தவரை, வீட்டுப் பெயரை வாசிப்பவர்கள் தபால்காரரும் விருந்தினரும்தான், உள்ளே வசிப்பவர்கள் அல்ல.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. எல்லாத் தவறுக்கும் இப்படிச் சமாதானம் கட்டினால், தெரிந்தே தீரவேண்டியது என்று ஒன்றுமே இல்லையா? உண்டு. பிரெஞ்சு நிகழ்ச்சி ஒன்றில் பூமியைச் சுற்றுவது எது என்று கேட்டார்கள். சந்திரன், சூரியன், செவ்வாய், வெள்ளி என்று நான்கு விடைகள். போட்டியாளர் சபையைக் கேட்க, 56 சதவீதம் பேர் சூரியன் என்றார்கள், அவரும் அதையே சொல்லி விழுந்தார். கோப்பர்னிக்கஸின் புத்தகம் 1543-ல் வெளிவந்துவிட்டது. இதைத் தெரியாமல் இருப்பது குறைதான். அந்தக் குறை யாருடையது என்பதில்தான் இதுகூடனாரோடு தகராறு. காமிரா காட்டிய ஒரு முகத்தைப் பார்த்து அவர் சிரிக்கிறார். இருட்டில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிய 56 சதவீதம் பேரைப் பற்றிப் பேச்சில்லை. (இதுகூடத் தெரியாதவனைக் கவிழ்த்துத்தான் பார்ப்போமே என்று சபை வேண்டுமென்றே அமுக்கியிருக்கலாம். அப்படியென்றால் அது பாரிஸ் கிளை இதுகூடனார்கள்.) 2012-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்காக எடுத்த கணக்கில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா என்ற கேள்வியில் தவறினார். நாற்காலியில் உட்கார்ந்தவர் ஊரின் மாதிரி. அடிக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். தவிர, சூரியன் உதித்தது, மறைந்தது என்றுதான் எல்லா மொழியும் பேசுகிறது. நம் கோயிலில் நவக்கிரகங்களுக்கு நடுவே சூரியன் நிற்கிறார், சந்திரனும் கிரகமாக நிற்கிறார், பூமிக்கு இடமே இல்லை. சுற்றுகிற வேலையை பக்தர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். 1887-ல் வந்த முதல் நாவலிலேயே ஷெர்லாக் ஹோம்ஸுக்கு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது தெரியாது. டாக்டர் வாட்சன் அதிர்ந்துபோகிறார். இதுகூடனார்களின் இலக்கிய மூதாதை அவர்தான். துப்பு துலக்கியது யார் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இன்னொரு மறுப்பு, வயிற்றுப்பாட்டுக்கு வேண்டிய அறிவு வேறு, பொது அறிவு வேறு என்பது. 2008-ல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் நாயகனுக்குத் தேசியச் சின்னத்தில் உள்ள வாசகம் தெரியவில்லை. போலீஸ் அதிகாரி ஏளனம் செய்ய, கடற்கரைக் கடையில் பானிபூரி என்ன விலை என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அதைப் பொது அறிவு என்று யாரும் புத்தகம் போடுவதில்லை, ஆனால் தினமும் பொதுவில் புழங்குவது அதுதான். இதே சோதனையை வீட்டம்மா ஒருநாள் விளம்பர இடைவேளையில் நடத்தினால் என்ன ஆகும்? "ஏங்க, நம்ம கரண்ட் பில் போன தடவை எவ்வளவு வந்துச்சு?" மௌனம். "சின்னவ ஏ செக்‌ஷனா, பி செக்‌ஷனா?" விரல் காற்றில் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. "உங்க பிளட் குரூப்பாவது?" "இதெல்லாம் ஒரு கேள்வியா!" கேட்கும் பக்கம் கை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"இவ்வளவு தெரியுதே, நீங்களே ஒரு எஸ்எம்எஸ் போடுறதுதானே?" என்று அந்த அம்மா கேட்டும் பார்த்துவிட்டார். திரையின் அடியில் நம்பர் ஓடுகிறது. போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. "அதெல்லாம் அவங்க ஆளுங்களுக்குத்தான் குடுப்பாங்க" என்கிறார் இதுகூடனார். இதற்குள் விளம்பரம் முடிந்து, திரையில் ஒரு கோடி ரூபாய்க் கேள்வி. இசை உறுமுகிறது. விடைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அவருக்குத் திடீரென்று தொண்டை வறள்கிறது, எழுந்து சமையலறைக்குப் போகிறார். சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கிறது. பிறகு அங்கிருந்தே குரல் வருகிறது.

"என்ன வந்துச்சு?"

"சி."

"அதான். அதேதான் நானும் நினைச்சேன்."