பால்கனியில் ஒரு களிம்புத் தொழிற்சாலை

எங்கள் வீட்டு ஆய்வுக்கூடம் பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் இயங்குகிறது. குடுவை என்று நான் மரியாதையாகக் குறிப்பிடுவது ஹார்லிக்ஸ் பாட்டில். வடிதாளுக்குப் பதில் பழைய வேட்டிக் கிழிசல். பாதுகாப்புக் கண்ணாடி, பையன் நீச்சல் பழகியபோது வாங்கியது. அதன் ரப்பர் பட்டை என் தலைக்குப் போதாமல் இரண்டு காதையும் முன்னால் தள்ளிவிடும். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த பால்காரர், அன்றிலிருந்து பாக்கெட்டைக் கதவோரம் வைத்துவிட்டு மணி அடிக்காமலே போகிறார்.

நோக்கம் எளியது: அமிலத்தில் உலோகத்தைப் போட்டு உப்பு எடுப்பது. ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஏதோ ஒரு பொடியைக் கொடுத்து, என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நான் சொந்த முயற்சியில் கண்டுபிடித்தது நீலமாக இருந்த காப்பர் சல்பேட்டை மட்டும்தான். வெள்ளையாக இருந்ததெல்லாம் எனக்கு ஒன்றுதான். ஆய்வக உதவியாளர் கண்ஜாடை காட்டியபடி எழுதிக் கரையேறினேன். உப்பை நானே செய்தால் அது என்ன உப்பு என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமே!

அமிலம் வாங்குவதுதான் முதல் சிக்கல். 2013-இல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கடிவாளம் போட்டது. வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், எதற்கு என்று காரணமும் சொல்ல வேண்டும். மிக நியாயமான உத்தரவு. கடைக்காரரின் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘காரணம்: பொழுது போகவில்லை’ என்று ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். நேராக மளிகைக் கடைக்குப் போய் வினிகர் வாங்கிக்கொண்டேன்.

பழைய ஒயரை உரித்த செம்புக் கம்பியைச் சுருட்டி வினிகரில் போட்டுவிட்டுக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. துத்தநாகமும் இரும்பும் அமிலத்தைக் கண்டால் ஹைட்ரஜனைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கலம்காரிக் கலைஞர்கள் பழைய இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்துக் கறுப்புச் சாயம் எடுப்பதும் இந்த வழியில்தான். செம்பு அப்படியெல்லாம் யாரையும் துரத்தாது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதனால் முங்கிக் கிடந்த கம்பி புதுக்கருக்கு மாறாமல் மினுங்கியது. காற்றும் வினிகரும் சந்திக்கிற விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு படர்ந்தது.

ஆக்சிஜனை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டேன். “புண்ணுக்கா சார்?” என்றார் கடைக்காரர். “கம்பிக்கு” என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் ஊற்றியதும் கம்பி முழுக்கக் குமிழி பூத்தது. மெல்ல மெல்லத் தண்ணீரில் நீலம் இறங்கியது. மூடி போடாமல் துணியால் மட்டும் மூடி வைத்தேன். மூடினால் வாயு நெருக்கி வெடிக்கும் என்ற அளவுக்கு எனக்கும் வேதியியல் தெரியும்.

இடையில் ஒரு கணக்கும் போட்டு வைத்தேன். வினிகர் லேபிளில் 4 விழுக்காடு. அதாவது லிட்டருக்குச் சுமார் 40 கிராம் அசிட்டிக் அமிலம். அது 21 கிராம் செம்பைக் கரைத்து 66 கிராம் காப்பர் அசிடேட் படிகம் தர வேண்டும். நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். நீர் வற்றியதும் சமையலறைத் தராசை ரகசியமாகக் கொண்டுவந்து, காகிதம் விரித்து நிறுத்தேன். 2 கிராம் என்றது. மூச்சை இழுத்து விட்டதும் 1 என்றது. பெரும்பகுதிச் செம்பு கம்பியாகவே கிடந்தது. பெரும்பகுதி அமிலம் ஆவியாகி எதிர்வீட்டுக்குப் போயிருந்தது. “உங்க வீட்டுல தினமும் ஊறுகாய் போடறீங்களாக்கா?” என்று அந்த வீட்டுப் பெண் என் மனைவியிடம் விசாரித்தார்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேவாரம் ஓதாமல் காபி குடிக்காதவர். “இது களிம்புதானே மாப்பிள்ளை? செம்புல களிம்பு மாதிரி ஆணவம் உயிரோட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு சித்தாந்தத்துல சொல்வாங்க. அது போகணும்னுதான் நாங்க இவ்வளவு பாடுபடறோம். நீங்க பால்கனியில உட்கார்ந்து வளத்துக்கிட்டிருக்கீங்க.” பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்றுதானே தெருவில் ஈயம் பூசுகிறவரைக் காத்திருந்து கூப்பிட்டார்கள்? கரி நெருப்பில் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, குப்பென்று எழும் வெள்ளைப் புகைக்குள் அவர் ஈயத்தைத் துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். உள்பக்கம் முழுக்க வெள்ளி போலாகிவிடும். அத்தனை தலைமுறை முயன்று தடுத்த பொருளை நான் நோட்டுப் போட்டுத் தயாரிக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி குத்துவிளக்கைத் துலக்க உட்கார்ந்தாள். ஊறவைத்த புளியை அழுத்தி ஒரு இழுப்பு. கறுத்திருந்த தண்டில் மஞ்சள் பளிச்சிட்டது. கையில் வழிந்த அழுக்குத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடு, புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தில் அந்தக் கணமே கரைகிறது. பித்தளை என்பதால் செம்பு உப்பு, துத்தநாக உப்பு என்று ஒரே தேய்ப்பில் இரண்டு. பெராக்சைடும் இல்லை, நீச்சல் கண்ணாடியும் இல்லை.

“நீ இப்ப காப்பர் டார்டரேட் தயாரிச்சிட்டே, தெரியுமா?”

“தெரியும்ங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்குது.”

பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் 18-ஆம் நூற்றாண்டில் களிம்பு பெரிய வியாபாரம். அங்கும் வீட்டுப் பெண்கள்தான் நிலவறையில் செம்புத் தகடுகளைப் புளித்த திராட்சைச் சக்கைக்குள் அடுக்கி வைத்து, படிந்த பச்சையைச் சுரண்டி விற்றார்கள். ஓவியர்களுக்கு அது சாயம். இதை எங்கள் வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் பால்கனியையும் எடுத்துக்கொண்டு விடுவார்கள்.

கடைசியில் சமையலறைத் தராசு விவகாரம் வெளியே வந்து, ஆய்வுக்கூடத்தைக் காலி செய்ய உத்தரவானது. செம்பு உப்பு நஞ்சு; சாக்கடையில் கொட்டுவது முறையல்ல. எடுத்த உப்பைத் தண்ணீரில் கலக்கி, சலவைச் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றினேன். நீலமெல்லாம் திரண்டு பச்சை வண்டலாக அடியில் இறங்கியது. வேட்டிக் கிழிசலில் வடிகட்டி, காகிதத்தில் மடித்துத் தூக்கிப்போடப் போகிற நேரத்தில் பையன் சும்மா இருந்திருக்கலாம்.

“அப்பா, இது காப்பர் கார்பனேட். மெட்டல் மாதிரி அடம் பிடிக்காது. ஆசிட் பட்டதும் உப்பாயிடும்.”

வினிகர் இன்னும் அரை பாட்டில் இருந்தது. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார்.